சின்ன உடம்பு இத்தனை ஊசியைத் தாங்குமா? – பச்சிளம் குழந்தைத் தடுப்பூசி: வாசகர் கேள்விகள்

குழந்தை பிறந்த வீட்டில் தடுப்பூசிப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு கருத்து வரும். இந்த இதழுக்கு வந்த கேள்விகளும் அப்படித்தான். ஒருவர் பயத்தில் கேட்கிறார், ஒருவர் கோபத்தில் கேட்கிறார். எல்லாமே குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே அக்கறையிலிருந்து வருபவை. அதனால் எந்தக் கேள்வியையும் ஒதுக்கவில்லை.

கேள்வி: மகளுக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஒரே ஊசியில் ஆறு நோய்க்கான மருந்து என்கிறார்கள். இவ்வளவு சின்ன உடம்பு தாங்குமா? ஒரு வயது ஆகட்டும், பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். – ஒரு தாய், செங்காங்

தாங்குமா என்பதை முதலில் பார்ப்போம். குழந்தை பிறந்த நிமிடத்திலிருந்தே அதன் தோலிலும் குடலிலும் எண்ணற்ற கிருமிகள் குடியேறுகின்றன. எதிர்ப்புச் சக்தி அன்றிலிருந்தே வேலை செய்கிறது. ஆறு நோய் என்று கேட்கும்போது ஆறு கிருமிகளை முழுசாக உள்ளே விடுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் ஊசியில் இருப்பவை அந்தக் கிருமிகளின் சில துண்டுகளும், செயலிழக்கச் செய்த நச்சுகளும், கொல்லப்பட்ட போலியோ கிருமியும்தான். உங்கள் கணவர் குழந்தையாக இருந்த காலத்தில் பரவலாகப் போடப்பட்ட பழைய முத்தடுப்பு ஊசியில் கக்குவான் கிருமி முழுதாகவே இருந்தது. அந்த ஒன்றிலேயே எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணவேண்டிய புரதங்கள் ஏறத்தாழ 3,000. இன்றைய ஊசியில் கக்குவானுக்காக இருப்பவை இரண்டிலிருந்து ஐந்து புரதங்கள் மட்டுமே. ஊசியின் பெயர்தான் நீண்டிருக்கிறது, குழந்தையின் சுமை குறைந்திருக்கிறது.

அடுத்து, ஒரு வயது வரை பொறுப்பது. ஏன் இரண்டாம் மாதம் என்பதற்கு மிகத் தெளிவான விடை கக்குவான் இருமல். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் இழுக்கும் இருமல், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது வேறு நோய். ‘கக்’கென்ற சத்தம் வராமலே போகலாம். இருமக்கூட வலுவில்லாமல் மூச்சு நின்று உதடு நீலம் பாரிக்கும். கக்குவானில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்த வயதினர்தான். கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிங்கப்பூரில் கர்ப்பிணிகளுக்கு 16 முதல் 32 வாரத்துக்குள் கக்குவான் ஊசியும், குழந்தைக்கு இரண்டாம் மாதத்தில் முதல் ஊசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. முதல் ஊசி உடம்புக்குக் கிருமியை அறிமுகப்படுத்துகிறது. உறுதியான பாதுகாப்பு இரண்டாம், மூன்றாம் தவணைகளில்தான் வருகிறது. முதல் தவணையைத் தள்ளினால் அதற்குப் பின்னால் உள்ளவை அத்தனையும் தள்ளிப்போகும். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஹிப் கிருமியும் நியூமோகாக்கஸும் மிகக் கடுமையாகத் தாக்குவது முதல் இரண்டு ஆண்டுகளில்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரித்துப் போடுவதில் லாபம் ஒன்றும் இல்லை. ஒரு குத்தில் முடிவது பல குத்தாகும். சில மருந்துகள் தனியாகக் கிடைப்பதும் இல்லை.

கணவரிடம் காட்ட, சிங்கப்பூரின் தேசியக் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டவணையின் முதல் ஒன்றரை ஆண்டைச் சொல்லிவிடுகிறோம். பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான முதல் தவணை. இரண்டாம் மாதம் ஆறும் சேர்ந்த ஊசி: டிப்தீரியா, டெட்டனஸ், கக்குவான், போலியோ, ஹிப், ஹெபடைட்டிஸ் பி. நான்காம் மாதம் ஐந்தும் சேர்ந்தது (ஹெபடைட்டிஸ் பி இல்லாமல்), கூடவே நியூமோகாக்கல். ஆறாம் மாதம் மறுபடியும் ஆறும் சேர்ந்தது, நியூமோகாக்கல் இரண்டாம் தவணை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது ஆகும் வரை ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளுயென்ஸா) ஊசி. பன்னிரண்டாம் மாதம் தட்டம்மை–பொன்னுக்கு வீங்கி–ருபெல்லா மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர், சின்னம்மை, நியூமோகாக்கல் கூடுதல் தவணை. பதினைந்தாம் மாதம் எம்எம்ஆர், சின்னம்மை இரண்டாம் தவணை. பதினெட்டாம் மாதம் ஐந்தும் சேர்ந்ததன் கூடுதல் தவணை.

கேள்வி: மருந்தகத்தில் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது. நாங்கள் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும்? – ஒரு தந்தை, பொங்கோல்

இந்தக் கேள்வியை எல்லாப் பெற்றோரும் கேட்டால் நன்றாக இருக்கும். ஊசி வேண்டாம் என்று சொல்லத்தக்க மருத்துவக் காரணங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை பெற்றோர் பயப்படும் இடத்தில் இருப்பதில்லை.

கர்ப்பகாலத்தில் தாய் மூட்டுவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ இன்ஃப்ளிக்ஸிமேப் போன்ற ஊசி மருந்து எடுத்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அது குழந்தையின் ரத்தத்திலும் பல மாதம் தங்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு உயிருள்ள கிருமி கொண்ட பிசிஜியைப் பிறந்தவுடன் போடக்கூடாது, தள்ளிவைக்க வேண்டும். இரண்டு பக்கக் குடும்பத்திலும் காரணம் தெரியாமல் கைக்குழந்தையாகவே இறந்தவர்கள், பிறவி எதிர்ப்புச் சக்திக் குறை உள்ளவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ‘பழைய கதை எதற்கு’ என்று பாட்டிமார் மறைக்கும் செய்தி இதுதான். இங்கே அது உயிர் காக்கும் செய்தி. குழந்தைக்கு ரத்தமோ இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் பொருள் மருந்தோ ஏற்றியிருந்தால் எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளைச் சில மாதம் ஒத்திவைப்பார்கள். முந்தைய ஊசிக்குப் பின் உடனே உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறல் வந்திருந்தால் அதுவும் முக்கியம்.

லேசான சளி, மூக்கொழுகல், பல் முளைக்கும் சிணுங்கல், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது, இவை எதுவும் தள்ளிவைக்கக் காரணம் அல்ல. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தால் மட்டும் சில நாள் தள்ளலாம்.

கேட்க வேண்டியவற்றில் ஒன்றுக்குக் காலக்கெடு உண்டு. கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவைரஸ் மருந்து வாயில் விடும் சொட்டு. முதல் தவணையை 15 வாரம் ஆவதற்குள் தொடங்கிவிட வேண்டும், பிறகு தொடங்க முடியாது. வயது கூடக் கூட, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் அரிய பிரச்சினைக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதால் அந்த வரம்பு. ஆகவே இரண்டாம் மாதச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஊசி போட்டதும் சுகாதாரக் கையேட்டில் மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி மூன்றும் எழுதப்பட்டதா என்று பாருங்கள். அவை தேசியத் தடுப்பூசிப் பதிவகத்துக்கும் போகும். சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாக ஹெல்த்ஹப் சுகாதாரத் தளத்தில் நீங்களே பார்க்கலாம். பிறகு குறைந்தது கால் மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது, வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். அதற்கான மருந்து அங்கே கையருகில் இருக்கும், உங்கள் காரில் இருக்காது.

கேள்வி: பேரனுக்கு ஊசி போட்ட அன்று குளிப்பாட்டலாமா? தொடை வீங்கினால் மஞ்சள் பற்றுப் போடலாமா? காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துவிடு என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண். – ஒரு பாட்டி, ஈசூன்

குளிப்பாட்டலாம் அம்மா. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பழக்கம் இருந்தால் ஊசி போட்ட தொடையை மட்டும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் வலியும் வீக்கமும் கூடும். மஞ்சள் பற்று, சுடுநீர் ஒத்தடம், தைலம் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மேலே வைத்தால் போதும். தோலுக்கடியில் பட்டாணி போலச் சிறு கட்டி சில வாரம் தட்டுப்படலாம், தானே கரையும்.

முன்கூட்டியே காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம். வழக்கமாக அப்படிக் கொடுத்தபோது சில ஊசிகளுக்கு எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறைவாக உருவானதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் வந்து, குழந்தை அவதிப்பட்டால் கொடுக்கலாம்.

கொடுப்பதில்தான் மிக ஆபத்தான தவறு நடக்கிறது, நிதானமாகப் படியுங்கள். பாராசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் போகாமல். ஐந்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 முதல் 75 மில்லிகிராம். கடையில் மூன்று விதப் புட்டிகள் இருக்கலாம். ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது என்றால் சுமார் 2 முதல் 3 மில்லி. ஐந்து மில்லியில் 250 என்றால் 1 முதல் 1.5 மில்லி. குழந்தைச் சொட்டு மருந்து, ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் என்றால் அரை முதல் முக்கால் மில்லி மட்டுமே. ‘போன தடவை 3 மில்லி கொடுத்தோமே’ என்று சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து 3 மில்லி எடுத்துவிட்டால் ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவு ஒரே வேளையில் உள்ளே போய்விடும், கல்லீரல் கெடலாம். எனவே புட்டியில் எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள். வீட்டில் ஒரே வகைப் புட்டி மட்டும் வைத்திருங்கள். தேக்கரண்டியை விட்டுவிட்டு மருந்து அளக்கும் சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள். யார், எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒரு தாளில் எழுதுங்கள். தாய் ஒரு முறையும் பாட்டி ஒரு முறையும் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசியால்தான் காய்ச்சல் என்று வீட்டிலேயே முடிவு கட்டக்கூடாது. இந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவினாலும் முதல் அடையாளம் காய்ச்சல்தான். மருந்தையும் அவரைக் கேட்டே கொடுங்கள். பெரிய குழந்தைக்கும் ஊசிக் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தால் வேறு காரணம் தேட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் அடங்காத அழுகை, பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது, வலிப்பு, மூச்சு வாங்குவது இவற்றுக்குக் காத்திருக்காதீர்கள். மூச்சு, வலிப்பு என்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

கம்பளியில் சுற்றி வைக்க வேண்டாம். நம் வெக்கைக்கு ஒரு பருத்திச் சட்டை போதும்.

கேள்வி: பிறந்தபோது பிசிஜி போட்ட இடத்தில் ஐந்து வாரம் கழித்துச் சிவந்து சீழ் வைத்திருக்கிறது. ஊசி கெட்டுப்போனதா? – ஒரு தாய், ஜூரோங்

இல்லை, இது பிசிஜி தன் வழக்கப்படி வேலை செய்வது. இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் சிறு சிவந்த கொப்புளம் எழும், சீழ் கோக்கும், உடையும், பொருக்குத் தட்டும். இரண்டு மூன்று மாதத்தில் தழும்பாக ஆறிவிடும். பிதுக்காதீர்கள். பிளாஸ்திரி ஒட்டாதீர்கள், காற்றோட்டம் வேண்டும். கிருமிநாசினிக் களிம்பும் வேண்டாம். குளிக்கும்போது தண்ணீர் பட்டால் பரவாயில்லை, ஒற்றி உலர்த்துங்கள். அக்குளிலோ கழுத்திலோ தொடை இடுக்கிலோ நெரி கட்டி வளர்ந்தால், புண் பெரிதாகிக்கொண்டே போனால், காய்ச்சல் சேர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் குழந்தைகளின் மூளையையும் உடல் முழுவதையும் தாக்கும் கொடிய காசநோயைத் தடுப்பதில் இது கெட்டிக்கார ஊசி. பிறந்தவுடன் போடுவது அதனால்தான்.

கேள்வி: எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காணொளி வந்துகொண்டே இருக்கிறது. – ஒரு தாய், உட்லண்ட்ஸ்

அந்தப் பேச்சு 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 குழந்தைகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. தரவுகள் திரிக்கப்பட்டிருந்தது வெளிவந்தது. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவர் மருத்துவராகப் பணியாற்றும் உரிமையையும் இழந்தார். பிறகு டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை. பேச்சுத் தாமதமும் கண் பார்த்துப் பழகாததும் பெற்றோருக்குப் புலப்படத் தொடங்கும் வயதும் இந்த ஊசியின் வயதும் ஒன்றாக அமைவதால்தான் மனம் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் தாய் ‘நான்தான் ஊசி போட்டுக் கெடுத்தேனோ’ என்று தன்னை நொந்துகொள்வதற்கு இடமே இல்லை. அந்தக் குழுவில் அப்படி ஒருவர் இருக்கலாம், அவருக்காகவும் இதைச் சொல்லுங்கள்.

இந்த ஊசியின் உண்மையான பக்கவிளைவு வேறு. காய்ச்சல் அன்றே வராமல் ஆறிலிருந்து பன்னிரண்டு நாள் கழித்து வரும், சிலருக்கு லேசான தடிப்பும் எழும். ஏறத்தாழ 3,000 முதல் 4,000 தவணைக்கு ஒன்றில் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது மூளையைப் பாதிப்பதில்லை. தட்டம்மை நோயோ ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சியைக் கொண்டுவருகிறது.

கேள்வி: நாங்கள் சைவம். பக்கத்து வீட்டு முஸ்லிம் தோழியும் இதையே கேட்கிறார்: ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதா?

சிலவற்றில் இருக்கிறது. எம்எம்ஆர்–2 என்ற வணிகப் பெயரில் வரும் எம்எம்ஆர் ஊசி, சின்னம்மைக்கான வேரிவேக்ஸ் இரண்டிலும் உண்டு. அதே நோய்களுக்கான பிரையோரிக்ஸ், வேரில்ரிக்ஸ் இரண்டிலும் இல்லை. முன்பதிவு செய்யும்போதே எந்த மருந்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் எம்எம்ஆர் போடலாம்.

கேள்வி: மகனுக்கு எட்டாம் மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காது குத்து. என்ன தயார் செய்ய வேண்டும்? – ஒரு தந்தை, தெம்பனிஸ்

ஆறாம் மாதத் தவணைகள் முடிந்த பிறகு போவது மிக நல்ல முடிவு. டெட்டனஸுக்கு மூன்று ஊசி ஏறியிருக்கும், அதனால் காது குத்துவதற்கும் அந்தக் காலம் பொருத்தம். புதிய, கிருமி நீக்கிய ஊசியும், மொட்டைக்குப் புதிய பிளேடும் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

தட்டம்மைக்குப் பன்னிரண்டாம் மாதம் வரை காத்திருக்க முடியாது. கூட்டம் கூடும் இடத்துக்குப் போகிறீர்கள், பாதுகாப்பில்லாதவர்கள் தொற்றாளரின் அருகில் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும். ஆறு மாதத்துக்கு மேல் முன்கூட்டிய எம்எம்ஆர் தவணை ஒன்றைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாகவே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இது கணக்கில் சேராது. தாயின் எதிர்ப்புப் பொருள் மிச்சமிருப்பதால் ஊசி முழுதாகப் பிடிக்காமல் போகலாம். ஆகவே 12, 15 மாத ஊசிகளை மறுபடியும் போடத்தான் வேண்டும். சளிக்காய்ச்சல் ஊசி முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, அதற்கேற்பப் பின்னோக்கி நாள் குறியுங்கள். டைஃபாய்டுக்கு ஆறு மாதத்திலிருந்து போடும் வகையும், இரண்டு வயதுக்குப் பின் மட்டுமே போடும் வகையும் உண்டு, எது கிடைக்கும் என்று கேளுங்கள்.

சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை, அதனால் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயமே தெரியாது. ஊரில் நாயோ கோயில் குரங்கோ கீறினால்கூட ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் எதையும் காயத்தில் வைக்க விடாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை. ஒன்பதாம் மாதம் அங்கே தட்டம்மை ஊசி போட்டாயிற்று. இங்கே ஏன் மறுபடியும் போடச் சொல்கிறார்கள்?

இந்தியாவில் 9 மாதத்தில் முதல் தவணை, 16–24 மாதத்தில் இரண்டாவது. இங்கே ஒரு வயதுக்குப் பின் போட்டதே கணக்கில் வரும், காரணம் மேலே சொன்னதுதான். கூடுதல் தவணையால் தீங்கு இல்லை. சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயமானவை தட்டம்மை, டிப்தீரியா ஊசிகள். வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு நீண்டகால பாஸ் கேட்கும்போதும் இவற்றுக்கான சான்று தேவை. தேதியும் மருந்தின் பெயரும் தெளிவாக உள்ள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

மற்றவை சட்டப்படி கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். குடியுரிமை பெற்ற குழந்தைகளுக்கு அட்டவணையில் உள்ளவை பலதுறை மருந்தகங்களிலும் சாஸ் எனும் சமூக சுகாதார உதவித் திட்ட மருந்தகங்களிலும் 2020 நவம்பரிலிருந்து முழு மானியத்தில் கிடைக்கின்றன. மற்றவர்கள் கட்டணத்தை முன்பதிவின்போதே விசாரியுங்கள்.

கேள்வி: எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. குழந்தைக்கு? – கர்ப்பிணி வாசகி

பிரசவ அறைக்குப் போகும்போதே நினைவூட்டுங்கள். பிறந்து 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தனியாக இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். பிறப்பின்போது தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுள்நோயாக நிலைத்துவிடும். அந்த இரண்டு ஊசிகளும் பிந்தைய தவணைகளும் சேர்ந்து பெரும்பாலான குழந்தைகளைக் காக்கின்றன. தாய்ப்பால் கொடுக்கலாம். தவணைகள் முடிந்தபின், 9 மாதத்துக்கு மேல், குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யத் தவறாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதக் கருவில் பிறந்த குழந்தை. ஆறாம் மாத ஊசி இரண்டு மாதம் தப்பிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – சுவா சூ காங் வாசகர்

வேண்டாம். போட்ட தவணைகளை உடம்பு மறப்பதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குறைமாதக் குழந்தைக்கும் கணக்கு பிறந்த நாளிலிருந்துதான், எதிர்பார்த்த நாளிலிருந்து அல்ல. நோயின் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். பிறந்தபோது எடை இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்திருந்தால் முதல் ஹெபடைட்டிஸ் பி தவணை கணக்கில் வருமா என்று மட்டும் கேளுங்கள். ஊசி போடும்போது குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தாய் அருகில் இருந்தால் குத்துவதற்குச் சற்று முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, முடிந்த பிறகும் சில நிமிடம் தொடரட்டும். அழுகை விரைவில் அடங்கும்.